காலியிடம் காத்தல்: பகிர்வுக் கிளஸ்டர்களில் பல கோர்ப் பணிகள்

ஆராய்ச்சி நிறுவனங்களின் கிளஸ்டர் என்பது நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான கணினிகளை வலையமைப்பால் பிணைத்து ஒரே வரிசையின் கீழ்க் கொண்டுவந்த அமைப்பு. அதிலுள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு கணு. ஒரு கணுவில் 32, 64, 128 என்று கோர்கள் இருக்கும். அத்தனை கோர்களுக்கும் பொதுவாக ஒரு நினைவகம் இருக்கும். பயனர் கணுவில் நேராக அமர்ந்து வேலை செய்வதில்லை. இத்தனை கோர், இவ்வளவு நினைவகம், இத்தனை மணி நேரம் வேண்டும் என்று எழுதித் தம் பணியை வரிசையில் சேர்த்துவிட்டுப் போய்விடுகிறார். எந்தப் பணி எந்தக் கணுவில் எப்போது தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஷெட்யூலர் எனப்படும் மென்பொருள்.

வரிசையில் நிற்பவை எல்லாம் ஒரே ஒரு கோர் கேட்கும் பணிகள் என்றால் ஷெட்யூலரின் வேலை எளிது. எங்கே ஒரு கோர் காலியானாலும் அடுத்த பணியை அங்கே அனுப்பலாம். கிளஸ்டர் எப்போதும் நிறைந்தே இருக்கும். எல்லாப் பணிகளும் முழுக் கணுவையே கேட்பவை என்றாலும் சிக்கல் அதிகமில்லை. ஒரு கோர்ப் பணிகளும் எட்டு கோர்ப் பணிகளும் ஒரே வரிசையில் கலந்து நிற்கும்போதுதான் கடினம் தொடங்குகிறது. பல துறையினர் பகிர்ந்துகொள்ளும் கிளஸ்டர்களில் இந்தக் கலப்பே வழக்கமான நிலை.

ஷெட்யூலர்கள் இரண்டு மரபுகளிலிருந்து வந்தவை. ஒன்று சூப்பர்கம்ப்யூட்டர் மரபு. பல கணுக்களில் பரவி ஓடும் பெரும் பணிகளுக்காக 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் உருவான பிபிஎஸ், பின்னர் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிறந்த ஸ்லர்ம் ஆகியவை இந்த வழியைச் சேர்ந்தவை. மற்றொன்று, சிறு பணிகளை லட்சக்கணக்கில் முடிப்பதையே நோக்கமாகக் கொண்ட மரபு. மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1980களில் மிரான் லிவ்னியின் குழு, மேசைகளில் சும்மா கிடக்கும் கணினிகளைத் தேடிப்பிடித்து வேலை கொடுக்க காண்டர் என்ற மென்பொருளை உருவாக்கியது. 2012 முதல் அதன் பெயர் எச்டிகாண்டர். முதல் மரபு பெரிய பணிகளுக்கு இடம் ஒதுக்கக் கற்றது. இரண்டாவது மரபு எந்தக் கோரையும் சும்மா விடாமலிருக்கக் கற்றது. கலப்பு வரிசைக்கு இரண்டும் தேவை, அவையோ ஒன்றுக்கொன்று எதிரானவை.

இந்த முரண் மிகப் பெரிய அளவில் வெளிப்பட்ட இடம் துகள் இயற்பியல். ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி முடுக்கி தரும் தரவை ஆராய, 40க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 170 கணினி மையங்கள் ஒரே வலையாக இணைந்துள்ளன. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் கொல்கத்தாவின் மாறும் ஆற்றல் சைக்ளோட்ரான் மையமும் அவற்றில் அடங்கும். முடுக்கியில் நிகழும் ஒவ்வொரு மோதலும் தனி நிகழ்வு. ஒன்றை ஆராய மற்றொன்றின் விடை தேவையில்லை. எனவே 2013 தொடக்கத்தில் முடிந்த, முடுக்கியின் முதல் ஓட்டம் வரை, ஒரு பணிக்கு ஒரு கோர் என்பதே பொது வழக்கமாக இருந்தது. பல கோர்ப் பணியை வேகத்துக்காக யாரும் நாட வேண்டிய அவசியமே அங்கு எழவில்லை.

வழக்கத்தை உடைத்தது நினைவகம். முடுக்கியில் புரோட்டான்கள் கொத்துக் கொத்தாகக் குறுக்கிடுகின்றன. ஒரு குறுக்கீட்டில் ஒரே சமயத்தில் பல மோதல்கள் நிகழும். முடுக்கியில் நடக்கும் அட்லஸ் சோதனையில் இந்த எண்ணிக்கை 2012இல் சராசரியாக 20ஐ ஒட்டி இருந்தது. 2018இல் 35ஐத் தாண்டிவிட்டது. மோதல்கள் கூடக்கூட, அவற்றிலிருந்து துகள்களின் பாதைகளை மீட்டெடுக்கும் நிரலின் நினைவகத் தேவையும் கூடுகிறது. கணினி மையங்களோ கோர் ஒன்றுக்கு 2 ஜிபி என்ற கணக்கில் கணுக்களை வாங்கி வைத்திருந்தன. ஓர் எடுத்துக்காட்டு கொள்ளலாம்: ஒரு பணிக்கு 3 ஜிபி வேண்டும் என்றால், எட்டுத் தனிப் பணிகளுக்கு 24 ஜிபி, எட்டு கோருக்குரிய பங்கோ 16 ஜிபிதான். ஆனால் அந்த 3 ஜிபியில் பாதி, உணர்கருவியின் வடிவமைப்பு, காந்தப்புல வரைபடம், அளவுத் திருத்த மாறிலிகள் என எல்லாப் பணிகளுக்கும் பொதுவான தரவு. அந்தப் பாதியை ஒரே ஒரு பிரதியாக வைத்து எட்டுப் பேரும் பகிர்ந்தால் 13.5 ஜிபி போதும்.

பகிர்வை அட்லஸும் அதே முடுக்கியின் மற்றொரு சோதனையான சிஎம்எஸும் இரண்டு விதமாகச் செய்தன. அட்லஸின் அதீனாஎம்பி நிரல், முதலில் ஒரே செயலாகத் தொடங்கிப் பொதுத் தரவு முழுவதையும் ஏற்றிக்கொள்கிறது. அதன் பின்னரே தன்னைப் பல செயல்களாகக் கிளைக்கச் செய்கிறது. கிளைத்த செயல் ஏதேனும் ஒரு நினைவகப் பக்கத்தில் எழுதும் வரை அந்தப் பக்கத்துக்குத் தனிப் பிரதி எடுப்பதில்லை என்பது லினக்ஸின் இயல்பு. எழுதப்படாத பொதுத் தரவு அதனால் ஒரே பிரதியாகவே நிற்கிறது. சிஎம்எஸ் தன் நிரலையே பல த்ரெட்கள் கொண்டதாகத் திருத்தி எழுதியது. இது கடினமான வழி, ஆனால் சேமிப்பு அதிகம். இரு வழியிலும் எட்டு கோர்ப் பணி என்பதே பொது அளவாக நிலைபெற்றது. இரண்டாம் ஓட்டம் 2015இல் தொடங்குவதற்கு முன், இத்தகைய பணிகளை மையங்கள் ஏற்கும் முறையை ஆராய 2014இல் ஒரு பணிக்குழு அமைந்தது. போலி நிகழ்வுகளை உருவாக்கும் பணிகள், தனி ஆராய்ச்சியாளரின் பகுப்பாய்வுகள், அதே மையத்தைப் பயன்படுத்தும் உயிரியல், வானியல் குழுக்களின் வேலைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை ஒரு கோர்ப் பணிகளாகவே தொடர்ந்தன. கலப்பு வரிசை அங்கே நிரந்தரமாயிற்று.

நிறைந்து ஓடும் கிளஸ்டரில் ஒரு கோர்ப் பணிகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் முடியும். ஒன்று முடிந்ததும் அந்தக் கோர் காலியாகிறது. வரிசையின் தலைப்பில் எட்டு கோர்ப் பணி நின்றாலும் அதற்கு ஒரு கோர் போதாது. பின்னால் நிற்கும் ஒரு கோர்ப் பணிக்குப் போதும். ஷெட்யூலர் அதை அனுப்பிவிடுகிறது. அடுத்த கோர் காலியாகும்போதும் அதுவே நடக்கிறது. மதிய நேரத்து மெஸ்ஸில் ஒவ்வொரு நாற்காலியாகக் காலியாக, தனியாக வந்தவர்கள் உடனுக்குடன் அமர்ந்துவிட, சேர்ந்து உண்ண வந்த எட்டுப் பேர் குடும்பம் வாசலிலேயே நிற்பது போன்ற நிலை இது. தனி ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் வரை, ஒரே மேசையில் எட்டு இடம் ஒருசேரக் காலியாக வாய்ப்பே இல்லை. எந்த விதியிலும் எட்டு கோர்ப் பணிக்குப் பாரபட்சம் இல்லை. இருந்தும் அது ஓடுவதே இல்லை.

இந்தப் போக்கை எச்டிகாண்டரின் ஒரு நுட்பம் இன்னும் உறுதிப்படுத்துகிறது. அதில் ஒரு கணுவின் வளங்கள் முழுவதும் ஒரே இடமாகத் தொடங்கி, பணிகள் கேட்பதற்கேற்ப வெட்டித் தரப்படுகின்றன. ஒரு கோர் அளவுக்கு வெட்டிய துண்டில் பணி முடிந்ததும், அதே பயனருக்கு அதே அளவில் இன்னொரு பணி இருந்தால், பணிக்கு இடம் பொருத்தித் தரும் நடுவர் நிரலிடம் திரும்பப் போகாமல் அந்தத் துண்டிலேயே அடுத்த பணி தொடங்கலாம். இயல்பாக 20 நிமிடங்கள் வரை இப்படித் துண்டை மறுபயன் செய்ய அனுமதி உண்டு. குறும்பணிகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்தத் துண்டுகள் மீண்டும் ஒன்றுசேரும் தருணம் தள்ளிப்போகிறது.

ஆகவே, பெரிய பணி ஓட வேண்டுமானால் சில கோர்களைத் தெரிந்தே சும்மா வைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. ஒரு கணுவுக்குப் புதிய பணி அனுப்புவதை நிறுத்தி, ஓடுபவை முடியும் வரை காத்திருப்பதைக் கணுவை வடிய விடுதல் என்பார்கள். வடியும் நேரத்தில் காலியாகும் கோர்கள் எதுவும் செய்யாமல் நிற்கும். கலப்பு வரிசையை நடத்தும் கலை முழுவதும் இந்தச் செலவை எவ்வளவு குறைக்கலாம், ஒருமுறை செலவிட்டதிலிருந்து எவ்வளவு காலம் பயன்பெறலாம் என்ற இரண்டு கேள்விகளில் அடங்கும்.

செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 32 கோர் கொண்ட ஒரு கணுவில் 24 மணி நேரப் பணிகள் 32 ஓடுகின்றன. அவை 45 நிமிடத்துக்கு ஒன்று வீதம் சீராக முடிகின்றன. கணு முழுவதையும் வடியவிட்டால், முதல் கோர் காலியானதிலிருந்து கடைசிக் கோர் காலியாக 23 மணி 15 நிமிடம் ஆகும். முதல் கோர் அந்த நேரம் முழுவதும் சும்மா நிற்கும், இரண்டாவது அதைவிட 45 நிமிடம் குறைவாக, இப்படியே கூட்டினால் இழப்பு 372 கோர்-மணி. அதே கணுவில் எட்டு கோர் காலியானதும் வடிப்பதை நிறுத்தினால், ஆகும் நேரம் 5 மணி 15 நிமிடம். இழப்பு 21 கோர்-மணி மட்டுமே. கோர் ஒன்றுக்குப் பார்த்தால் முதல் வழியில் 11 மணிக்கும் மேல், இரண்டாம் வழியில் சுமார் இரண்டரை மணி. எச்டிகாண்டரில் கணுக்களை வடிப்பதற்கென்றே டிஃப்ராக் என்ற சேவை உண்டு. அதன் இயல்பான விதி முழுக் கணு காலியாகும் வரை காத்திருப்பது. எட்டு கோர் போதும் என்று அந்த ஒரு விதியைத் திருத்துவதுதான் மையங்கள் செய்த மாற்றங்களில் மிகுந்த பலன் தந்தது என்று இந்தக் கணக்கைப் பார்த்தவர் எவரும் ஒப்புக்கொள்வர்.

இரண்டாம் கேள்வி இதைவிட முக்கியமானது. 21 கோர்-மணி கொடுத்துப் பெற்ற எட்டு கோர் இடத்தில், 12 மணி நேரம் ஓடும் ஒரே ஒரு பணி ஓடியது என்று கொள்வோம். அது பயன்படுத்தியது 96 கோர்-மணி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாக இழப்பு. அந்தப் பணி முடிந்ததும் இடம் ஒரு கோர்ப் பணிகளுக்குப் போய்விட்டால், அடுத்த எட்டு கோர்ப் பணிக்கு மறுபடியும் வடிக்க வேண்டும். மாறாக, அந்த இடத்தைச் சிதறவிடாமல் அடுத்தடுத்து பத்து எட்டு கோர்ப் பணிகளுக்குக் கொடுத்தால், அதே 21 கோர்-மணி 960 கோர்-மணியின் மேல் பரவி, இழப்பு நூற்றுக்கு இரண்டு அளவில் நிற்கிறது. திறந்த இடத்தைக் காப்பதே சிக்கனம். அதற்கு, இடம் திறக்கும் கணத்தில் ஷெட்யூலர் பெரிய பணிகளை முதலில் பார்க்க வேண்டும். சிறிய பணிகளின் முறை அதன் பிறகுதான். குழுக்களை அவரவர் பங்கின் வரிசையில் பார்ப்பது எச்டிகாண்டரின் வழக்கம். அந்த வரிசையை மாற்றிப் பல கோர்க் குழுக்களை முன்னே வைக்காத மையத்தில், வடித்த இடம் சில நிமிடங்களில் துண்டாகிவிடும்.

நெதர்லாந்தின் நிக்கெஃப் ஆய்வகத்தில் டார்க்-மௌயி ஷெட்யூலரின் மேல் எழுதிய எம்சிஃப்ளோட் என்ற சிறு நிரல் இந்தக் கருத்தையே நேரடியாகச் செயல்படுத்தியது. பார்சிலோனாவின் பிஐசி மையமும் அதைப் பயன்படுத்தியது. அதில் கணுக்கள் இரண்டு குழுமங்களாகப் பிரிகின்றன: ஒன்றில் பல கோர்ப் பணிகளுக்கு மட்டுமே இடம், மற்றது ஏனைய பணிகளுக்கு. எல்லைக்கோடு நிலையானதாக இருந்தால், ஒரு பக்கம் பணி இல்லாமல் சும்மா நிற்கும்போது மறுபக்கம் வரிசை நீளும். எனவே நிரல் அடிக்கடி வரிசையைப் பார்த்துக் கோட்டை நகர்த்துகிறது. பல கோர்ப் பணிகள் காத்திருந்தால் சில கணுக்களைக் குழுமத்துக்குள் இழுத்து வடிய விடுகிறது. ஒரே நேரத்தில் எத்தனை கணுக்கள் வடியலாம் என்பதற்கு வரம்பு உண்டு. பணிகள் தீர்ந்தால் கணுக்களைத் திருப்பித் தருகிறது, ஆனால் அவசரப்படாமல். சற்றுப் பொறுத்தால் அடுத்த பணி வந்துவிடலாம். திருப்பித் தந்த கணுவை மீண்டும் பெற முழு விலையும் கொடுக்க வேண்டும்.

பணிகள் வரும் விதமும் மையத்தின் கையில் இல்லாத ஒரு காரணி. ஆயிரம் எட்டு கோர்ப் பணிகள் ஒரே நாளில் குவிந்து, மறுநாள் ஒன்றுமே வராமல் போனால், எந்த ஷெட்யூலராலும் சிக்கனமாக நடத்த முடியாது. முதல் நாள் வடித்ததெல்லாம் மறுநாள் வீண். அதே எண்ணிக்கை சீரான ஓட்டமாக வந்தால் இழப்பு மிகக் குறைவு. இதை ஷெட்யூலரின் குறையாக மையங்கள் சுமப்பது சரியல்ல. பணிகளை அனுப்பும் சோதனைக் குழுக்களும் சீராக அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். டிஃப்ராக் சேவை வரிசையில் பல கோர்ப் பணி காத்திருக்கிறதா என்று தானாகப் பார்ப்பதும் இல்லை. மணிக்கு எத்தனை கணு, ஒரே சமயத்தில் எத்தனை, எத்தனை இடம் காலியானால் நிறுத்துவது என்ற எண்களை அது அப்படியே கடைப்பிடிக்கும். தேவையைப் பார்த்து அந்த எண்களை மாற்றும் சிறு நிரலை மையங்களே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

சூப்பர்கம்ப்யூட்டர் மரபு இதே சிக்கலுக்கு வேறொரு விடை வைத்திருந்தது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில், ஐபிஎம் எஸ்பி கணினிக்காக உருவான ஈசி என்ற ஷெட்யூலர் பின்நிரப்பல் முறையைப் பரவலாக்கியது. எடுத்துக்காட்டாக, 16 கோர் உள்ள அமைப்பில் 10 கோர் பிடித்த பணி இன்னும் மூன்று மணியில் முடியும். வரிசையின் தலைப்பில் 16 கோர்ப் பணி காத்திருக்கிறது. இப்போது 6 கோர் காலி. மூன்று மணிக்குப் பின் தலைப்புப் பணிக்கு இடம் உறுதியாகிவிட்டது. பின்னால் நிற்கும் 4 கோர், இரண்டு மணிப் பணி அதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அதை இப்போதே ஓட்டலாம். 4 கோர், ஐந்து மணிப் பணியை ஓட்டக் கூடாது; அது தலைப்புப் பணியைத் தள்ளிப்போடும். காத்திருக்கும் நேரம் வீணாகாமல் நிரம்புகிறது, பெரிய பணிக்கு அளித்த வாக்கும் காக்கப்படுகிறது. ஸ்லர்மில் இம்முறை உள்ளிணைந்தே வருகிறது. அதன் இயல்பான முன்னோக்கு ஒரு நாள்தான். மூன்று நாள் ஓடும் பணிகளை அனுமதிக்கும் கிளஸ்டரில் அந்த அளவைக் கூட்டாவிட்டால், பெரிய பணிக்கு எப்போது இடம் கிடைக்கும் என்றே அது காணாது.

பின்நிரப்பல் நிற்பது ஒரே ஒரு தகவலின் மேல்: பணி எப்போது முடியும்? பயனர்கள் எழுதித் தரும் நேரம் உண்மையான நேரத்தைவிட மிக அதிகமாகவே இருக்கும். எழுதிய நேரம் தாண்டினால் பணி பாதியில் கொல்லப்படும் என்பதால் அவர்களுக்கும் வேறு வழியில்லை. எல்எச்சி வலையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே மையத்துக்கு வருவது உண்மையான பணி அல்ல. பைலட் எனப்படும் ஓர் உறை. அது இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகே சோதனைக் குழுவின் பொது வரிசையிலிருந்து பணிகளை இழுத்து ஓட்டும். எல்லா பைலட்டும் ஒரே அதிகபட்ச நேரத்தையே கேட்கும். பணி கிடைக்காவிட்டால் சீக்கிரமே முடிந்துவிடும். குறும்பணி எது, நெடும்பணி எது என்று மையத்தின் ஷெட்யூலருக்குத் தெரிய வழியில்லை, வடியும் கணுவின் இடைவெளியில் வைக்கவும் எதுவும் இல்லை. ஒரு மணியில் முடியும் பணிகள் தம்மை அப்படி அறிவித்துக்கொண்டு வரிசையில் நிற்குமானால், முன்சொன்ன 21 கோர்-மணியில் பெரும்பகுதி வேலையாக மாறும். நேர்மையான நேரக் கணிப்பைவிட மலிவான தீர்வு இந்தத் துறையில் இல்லை. இதற்கு அடுத்த வழி, எந்த நேரமும் வெளியேற்றத்தக்க பணிகளை வடியும் கணுவின் இடைவெளியில் வைப்பது. அட்லஸின் ஈவென்ட் சர்வீஸ் நிகழ்வுகளைச் சிறு சிறு கொத்தாக ஆராய்ந்து அவ்வப்போதே முடிவுகளை வெளியே சேமிக்கிறது. நடுவில் நிறுத்தினாலும் போவது சில நிமிட உழைப்புதான்.

பைலட் எட்டு கோர் இடத்தைப் பிடித்து, அதற்குள் ஒரு கோர்ப் பணியும் நான்கு கோர்ப் பணியும் கலந்து ஓட்டுவது சிஎம்எஸ் கைக்கொண்ட முறை. மையத்துக்கு எல்லாப் பணியும் ஒரே அளவாகத் தெரிவதால் அங்கே வடிக்கும் தேவை குறைகிறது. ஆனால் கலப்புச் சிக்கல் ஒழியவில்லை, பைலட்டின் உள்ளே குடியேறிவிட்டது. பைலட்டின் ஆயுள் முடியும் நேரத்தில் மீதமுள்ள நேரத்துக்குள் அடங்கும் பணி கிடைக்காமல் கோர்கள் ஒவ்வொன்றாகச் சும்மா நிற்கும். பைலட்டின் ஆயுளை நீட்டினால் இந்த வால் இழப்பின் விகிதம் குறையும்; மையங்கள் பிற பயனர்களுக்கு இடம் தரும் வேகமும் கூடவே குறையும்.

பயனர்களுக்குள் யாருக்கு முன்னுரிமை என்பதைத் தீர்மானிக்கும் நியாயப் பங்கு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அண்மையில் யார் அதிகம் பயன்படுத்தினாரோ அவருடைய முன்னுரிமை இறங்கும்; பழைய பயன்பாட்டின் எடை காலப்போக்கில் தேயும். அது பாதியாகக் குறையும் காலம் எச்டிகாண்டரில் இயல்பாக ஒரு நாள், ஸ்லர்மில் ஏழு நாள். எட்டு கோர்ப் பணிக்கு எட்டு மடங்கு கணக்கு எழுதுவது எல்லோருக்கும் உடன்பாடானது. நினைவகம்தான் மறந்துபோகும் இடம். 64 கோரும் 256 ஜிபியும் உள்ள கணுவில் ஒரு கோருடன் 64 ஜிபி கேட்கும் பணி, உண்மையில் 16 கோருக்குரிய நினைவகத்தைப் பூட்டிவைக்கிறது. அதற்கு ஒரு கோர் என்று கணக்கு எழுதினால் அண்டையில் நிற்பவர் ஏமாற்றப்படுகிறார்.

இடம் கிடைத்த பின்னும் எட்டு கோரும் உழைக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. முன்சொன்ன அதீனாஎம்பி போன்ற பணி தொடக்கத்தில் ஒரே செயலாகத் தரவை ஏற்றும் நேரத்தில் ஏழு கோர்கள் சும்மா நிற்கின்றன. இறுதியில் எட்டுக் கோப்புகளை ஒன்றாக இணைக்கும்போதும் அப்படியே. இரண்டுக்கும் இருபது இருபது நிமிடம் என்று கொண்டால், நான்கு மணி நேரப் பணியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வீண்; 12 மணி நேரப் பணியில் இருபதில் ஒரு பங்கு. எனவே பல கோர்ப் பணிகள் நீண்டவையாக இருப்பதே நல்லது. இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: பணி ஒரு கோர் மட்டுமே கேட்டிருக்க, அதன் உள்ளிருக்கும் கணித நூலகம் கணுவில் 64 கோர் இருப்பதைப் பார்த்து 64 த்ரெட்களைத் திறந்துவிடும். லினக்ஸின் சிகுரூப் வசதியால் பணியைக் கேட்ட கோர்களுக்குள் கட்டிவைக்காத கணுவில், ஒரே ஒரு கவனக்குறைவான பயனரால் எல்லோருடைய பணியும் மந்தமாகும். இரண்டு பிராசஸர் சாக்கெட் உள்ள கணுவில் எட்டு கோர்களும் ஒரே சாக்கெட்டில் அமைவதும் முக்கியம்; அடுத்த சாக்கெட்டின் நினைவகத்தை எட்டிப் பிடிக்க அதிக நேரம் பிடிக்கும்.

அளவிடும் முறையும் கலப்பு வரிசைக்கேற்ப மாற வேண்டியிருந்தது. ஒரு கோர்க் காலத்தில், பணி ஓடிய நேரத்தில் பிராசஸர் உழைத்த பங்கே திறன் எனக் கணக்கிட்டார்கள். கோர் எண்ணிக்கை பதிவாகாத கணக்கில் எட்டு கோர்ப் பணிகளின் திறன் நூற்றுக்கு எண்ணூறு வரை தோன்றும். ஓடிய நேரத்தைக் கோர் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் எண் சீராகும். அதன் பின்னும் ஒன்று விடுபடுகிறது. வடியும் கணுவில் சும்மா நின்ற கோர் எந்தப் பணிக்கும் சொந்தமில்லை, ஆகவே எந்தப் பணியின் பதிவிலும் அது வராது. பணித் திறனை மட்டும் பார்க்கும் மேலாளருக்கு எல்லாம் சிறப்பாகத் தெரியும். காலியிடத்தை மட்டும் பார்ப்பவருக்கு வடிப்பதே குற்றமாகத் தெரியும். வடிந்த கோர்-மணி, அதனால் திறந்த இடங்களில் ஓடிய பல கோர்ப் பணிகளின் கோர்-மணி, அந்தப் பணிகள் காத்திருந்த நேரம் ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பதிந்து வைக்கும் மையத்தால்தான், மணிக்கு எத்தனை கணுவை வடிக்கலாம் என்ற எண்ணை ஆதாரத்தோடு கூட்டவோ குறைக்கவோ முடிகிறது.